அக்கா ஏரியில் இருந்தபோது

என் அக்காவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி நழுவிவிடுவேன். அது பெரிய தப்பு. கேட்டவர் உடனே தன் வீட்டுப் பிரிண்டர் மக்கர் செய்கிறது என்று ஆரம்பிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார். அக்காவுக்குப் பிரிண்டர் என்றாலே ஆகாது. "அதுக்கும் எனக்கும் என்னடா சம்பந்தம்?" என்று என்மேல் பாய்வாள். அதனால் இப்போதெல்லாம் முழுசாகவே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர் பாதியில் ஓடினால் அது என் குற்றமில்லை.

நான் பேருந்து ஓட்டுகிறேன். அக்காவும் அதே நிறுவனம்தான். பெரிய நிலையத்தை ஒட்டியே இருக்கும் எங்கள் பணிமனையில், சாப்பாட்டுக் கூடத்துக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. குளிர்சாதனம் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும், ஜன்னல் கிடையாது, கதவைத் திறந்தால் முகத்தில் பனிக்கட்டி வைத்த மாதிரி இருக்கும். அதற்கு அடுத்த அறையில், ஜன்னலோரமாக, தோளில் சால்வையோடு அக்கா உட்கார்ந்திருப்பாள். டிக்கெட் இயந்திரம் அட்டையைப் பார்த்ததும் கீச்சென்று கத்துவதும், நிறுத்தத்துப் பலகையில் அடுத்த வண்டி எப்போது வரும் என்று எழுத்து ஓடுவதும், பெரிய நிலையத்துக்குள் நுழையும்போது நான் எந்த நடைமேடைக்குப் போக வேண்டும் என்று என் முன்னால் இருக்கும் சின்னத் திரை சொல்வதும் அந்தக் குளிர் அறையின் கைங்கரியம்.

ஒரு காலத்தில் இதெல்லாம் ஒரே பெரிய கம்ப்யூட்டரில் ஓடியது. அது படுத்தால் ஊரே படுத்தது. அக்கா வந்துதான் எல்லாவற்றையும் பிரித்தாள். ஒவ்வொரு வேலையையும், அதற்கு வேண்டிய சாமான்களோடு, தனித்தனி மூட்டையாகக் கட்டினாள். அந்த மூட்டைக்குக் கன்டெய்னர் என்று பெயர். மூட்டைகளைச் சுமக்கிற இயந்திரம் ஒவ்வொன்றும் ஒரு நோடு. நோடுகள் எல்லாம் சேர்ந்தது கிளஸ்டர். எந்த மூட்டை எந்த நோடில் ஏற வேண்டும், ஒரு நோடு மண்டையைப் போட்டால் அதிலிருந்ததை எங்கே எழுப்ப வேண்டும் என்பதையெல்லாம் கிளஸ்டரே பார்த்துக்கொள்ளும். மூட்டை எங்கே இடம் மாறினாலும் அதைத் தேடி வருகிறவர்களுக்கு விலாசம் மாறக் கூடாதல்லவா, அந்த மாறாத விலாசத்துக்கு சர்வீஸ் என்று பெயர். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கிளஸ்டருக்கு விதி எழுதுவது அக்காவின் வேலை. இவ்வளவுதான். பிரிண்டர் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பணிமனையில் அவளுக்கு 'மேஸ்திரி' என்று பெயர். யாரை எங்கே நிறுத்துவது, யாருக்கு எவ்வளவு சுமை கொடுப்பது, யார் படுத்தால் யார் வந்து கை கொடுப்பது என்று நாள் முழுக்கப் பங்கு போடுகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? அவளுக்கும் அந்தப் பெயர் பிடிக்கும். பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிளஸ்டர் தானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று ஊருக்கெல்லாம் விளக்குகிறவள், அதை ஒருநாளும் தனியே விட்டதில்லை. சினிமாவுக்குப் போனால் ஓரத்து இருக்கைதான் வேண்டும், சட்டென்று எழுந்து போக வசதியாக. பல் மருத்துவரிடம் வாயை ஆவென்று பிளந்துகொண்டே கட்டை விரலால் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு "நீங்க முடிச்சிட்டுச் சொல்லுங்கம்மா" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மாமா தரைக்கு ஓடு பதிக்கிறவர், பொறுமைசாலி. அவரே ஒருநாள் என்னிடம் சொன்னார். "உங்க அக்காவுக்கு என்னைக் கட்டி வெச்சது தப்பு மாப்ளே. ஒரு செல்போன் டவரைப் பாத்துக் கட்டி வெச்சிருக்கணும்." அக்கா அடுப்படியிலிருந்து "கேக்குது" என்றாள்.

அப்படிப்பட்டவளுக்கு இடுப்பு வலி வந்தது. உட்கார்ந்தே இருந்தால் வராமல் என்ன செய்யும்? மருத்துவர் நீச்சலடிக்கச் சொன்னார். அக்காவுக்குத் தண்ணீர் என்றால் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். நகராட்சி நீச்சல் குளத்தில், அவள் மகள் வயதுள்ள பெண்கள் தவளை மாதிரி குதித்துக்கொண்டிருக்க, இவள் ஓரத்துக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பல மாதம் நின்றாள். நான் பார்க்கப் போய்ச் சிரித்துவிட்டு, அதற்காக ஒரு வாரம் பேச்சு வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு ஒருநாள் கம்பியை விட்டாள். விட்டவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. வேலை முடிந்ததும் குளம், விடுமுறை என்றால் குளம். தலை ஈரத்தோடு வீட்டுக்குள் நுழையும்போது முகம் அப்படி மலர்ந்திருக்கும், யாராவது ஏதாவது பரிசு கொடுத்து அனுப்பினார்களா என்று கையைப் பார்க்கத் தோன்றும்.

ஊருக்கு வெளியே ஏரி இருக்கிறது. வருடத்தில் ஒரு சனிக்கிழமை காலை, இக்கரையிலிருந்து அக்கரைக்கு யார் வேண்டுமானாலும் நீந்தலாம். பந்தயம் இல்லை, பரிசு இல்லை. கூடவே படகுகள் வரும். நன்றாக நீந்துகிறவர்கள் அரை மணிக்குள் போய்விடுவார்கள், அக்கா மாதிரி ஆட்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைக் கடக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். என் அக்கா தனக்கென்று ஓர் ஆசையை வாய்விட்டுச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

போன வருடம் கரை வரைக்கும் போனோம். நீச்சல் உடையில், கையில் ஏற்பாட்டாளர்கள் எழுதிய எண்ணோடு, அவள் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். மாமா கையில் கொடுத்திருந்த அவள் போன் அடித்தது. டிக்கெட் வேலை செய்கிற கன்டெய்னர்களுக்கு ஒதுக்கியிருந்த நினைவகம் போதாமல் அவை திரும்பத் திரும்ப விழுந்து எழுந்துகொண்டிருந்தன. அந்த அளவைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும் விஷயம். டவலைச் சுற்றிக்கொண்டு காரில் ஏறி, மடிக்கணினியை மடியில் வைத்துச் சரி செய்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது எல்லாரும் நடு ஏரியில் சின்னச் சின்னத் தொப்பிகளாகத் தெரிந்தார்கள். வீட்டுக்கு வந்து கையிலிருந்த எண்ணைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், தோல் சிவக்கும் வரை தேய்த்தாள். எனக்கு அந்தப் போனை எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

இந்த வருடம் கட்டாயம் போவேன் என்று முன்கூட்டியே மேலாளரிடம் போய்ச் சொன்னாள்.

"தாராளமா போங்க," என்றார் அவர். "போன் மட்டும் கூட இருக்கட்டும்."

"ஏரிக்குள்ள எங்க சார் வெச்சுக்கறது?"

அவர் அதை யோசிக்கவில்லை. யோசித்துவிட்டு, "அப்ப எப்படி? உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். பாராட்டு மாதிரிதான் சொன்னார். அக்காவும் முதலில் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். பொறுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் போகலாம், இல்லையென்றால் முடியாது என்பது அதன் அர்த்தம் என்று வீட்டுக்கு வந்து சட்டையை மாட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆள் இல்லாமலா? ஆள் இருந்தார். அக்காவுக்கு எதிர் மேஜையில் மூக்குக் கண்ணாடியும் சுருட்டை முடியுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் சேர்ந்து மூன்று வருடமாகிறது, ஒரு குழந்தைக்குத் தகப்பன், இன்னும் அவருக்குப் பணிமனையில் 'புதுசு' என்றுதான் பெயர். அக்கா மட்டும் தம்பி என்று கூப்பிடுவாள். கூப்பிடுவாளே தவிர, கிளஸ்டரில் கையை வைக்க விடமாட்டாள். அவர் எதையாவது எழுதிக் கொண்டுவந்தால் "அப்புறம் பாக்கலாம் தம்பி" என்பாள். அந்த அப்புறம் வருவதே இல்லை. நல்ல மனுஷர், கோபித்துக்கொள்ளவும் தெரியாது. நானாக இருந்தால் மேஜையைக் கவிழ்த்திருப்பேன்.

ஏரிக்கு முந்தின வாரம் பழைய இயந்திரங்களை மாற்ற வேண்டியிருந்தது. புது நோடுகள் பெட்டியில் வந்து இறங்கியிருந்தன. இந்த மாதிரி வேலையை எல்லாரும் ராத்திரியில்தான் செய்வார்களாம். அக்கா ஒத்துக்கொள்ளமாட்டாள். "தப்பு நடந்தா கூப்பிட ஆள் முழிச்சிருக்கணும்" என்பாள். அதனால் பட்டப்பகலில், வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்தாள். புது நோடைக் கிளஸ்டரில் சேர்ப்பாள், அது எந்த மாதிரி வேலைக்கு ஏற்றது என்று அதன்மேல் அடையாளம் போடுவாள், பழைய நோடுக்கு இனிமேல் புது மூட்டை எதையும் அனுப்பாதே என்று தடை போடுவாள், பிறகு அதைக் காலி செய்யச் சொல்வாள். அதிலிருந்த மூட்டைகள் ஒவ்வொன்றாக வேறு இடத்தில் எழுந்துகொள்ளும், இங்கே அணையும். வாடகைக்காரர்களைச் சத்தம் போடாமல் புது வீட்டுக்கு மாற்றுகிற மாதிரி. வெளியே நான் டிக்கெட் இயந்திரம் கீச்சிடக் கீச்சிட ஓட்டிக்கொண்டிருந்தேன், எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை.

மத்தியானம் சாப்பாட்டையும் டீயையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். பழைய நோடுகள் எல்லாம் காலியாகி, ஒன்றே ஒன்று மட்டும் மிச்சம். அது காலியாக மாட்டேன் என்கிறது. திரையில் ஒரே வரி, முயன்று பார்க்கிறேன், முடியவில்லை, திரும்ப முயல்கிறேன் என்று அதுவே அதுவே வந்துகொண்டிருந்தது. அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு கன்டெய்னர், எந்த வண்டிக்கு எந்த நடைமேடை என்று சொல்கிறதே, அது.

அந்தக் கன்டெய்னருக்கு ஒரு பூர்வ கதை உண்டு, அதில் நானும் இருக்கிறேன். எல்லா வேலைக்கும் இரண்டு மூன்று நகல்கள் ஓடும், ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும். முதலில் இதற்கும் அக்கா இரண்டு நகல் வைத்திருந்தாள். இரண்டும் ஒன்றையொன்று கேட்காமல் ஒரே நடைமேடையை இரண்டு பேருந்துகளுக்குக் கொடுத்துவிட்டன. நான் இந்தப் பக்கமிருந்து நுழைகிறேன், அந்தப் பக்கமிருந்து இன்னொருவர் நுழைகிறார். மூக்கோடு மூக்கு. பின்னால் வரிசை கட்டிவிட்டது. இருவரும் திரையைக் காட்டிக் காட்டிச் சண்டை போட்டோம். அன்றோடு அக்கா அதை ஒரே நகலாக்கினாள். ஒன்றுதான் இருக்கிறது என்ற பயத்தில், எந்தக் காரணத்துக்காகவும் இந்த எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு விதியும் எழுதிவைத்தாள். அதைச் சுத்தமாக மறந்தும்போனாள்.

புதுசு எதிர் மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அக்கா, அது போகாது. நீங்கதான் விட மாட்டேங்கறீங்க."

"நானா? நான் என்ன பண்ணேன்?"

"எப்பவும் ஒண்ணாவது ஓடிட்டே இருக்கணும்னு எழுதியிருக்கீங்க. இருக்கறதே ஒண்ணுதான். அது எப்படிக் கிளம்பும்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து டீ மூக்கில் ஏறிவிட்டது. அக்கா என்னை ஒரு முறை முறைத்தாள். "அப்ப இன்னொரு நகல் எழுப்பறேன்" என்று விசைப்பலகையை இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நிறுத்தினாள். இரண்டு எழுப்பினால் இரண்டும் வாயைத் திறக்கும், மறுபடி எனக்கு எதிரே ஒரு பேருந்து வந்து நிற்கும். ஒன்றாக வைத்தால் நகராது, இரண்டாக்கினால் மோதும். மேஸ்திரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

புதுசு மெதுவாகக் கேட்டார். "அக்கா, ஒரு நிமிஷம் அது இல்லைன்னா என்ன ஆகும்?"

அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். அவள் அந்தக் கேள்வியைத் தனக்குள் ஒருபோதும் கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. என் பக்கம் திரும்பினாள். "என்னடா ஆகும்?"

"என்ன ஆகும்? ரெண்டு பேர் ஹாரன் அடிப்பாங்க. கீழ சூப்பர்வைசர் நின்னு கையைக் காட்டுவார். மனுஷன் சும்மாதானே உக்காந்திருக்கார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்கா. நீ என்னமோ பிரேக் புடுங்கற மாதிரி பயப்படறே."

சூப்பர்வைசருக்குப் போன் போட்டுச் சொன்னோம். அவர் விசிலைத் தேடி எடுத்துக்கொண்டு உற்சாகமாகக் கீழே போய் நின்றார். அக்கா அந்த விதியை நீக்கினாள். கன்டெய்னர் பழைய நோடில் அணைந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நிலையத்துக்குள் வந்த ஒரு வண்டி தயங்கியது, சூப்பர்வைசர் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி இரண்டு கையாலும் வாங்க வாங்க என்று வரவேற்றார், வண்டி உள்ளே போனது. அடுத்த வண்டிக்கு அவர் கையைத் தூக்குவதற்குள் புது நோடில் கன்டெய்னர் எழுந்துவிட்டது. அவருக்குத்தான் ஏமாற்றம்.

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். புதுசுக்கு அது தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகப் பட்டதோ என்னவோ, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் என் வண்டியிலேயே, எனக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தாள். ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று தலைக்கு மேல் பலகை இருக்கிறது. அவள் அதன் கீழேயே உட்கார்ந்துகொண்டு பேசினாள்.

"டேய், அந்த டப்பா எதுக்கு நகரலைன்னு இவ்வளவு நேரம் அதைத் திட்டிட்டிருந்தேன். கட்டி வெச்சது நான்."

"ம்."

"என்னையும் அப்படித்தான் கட்டி வெச்சிருக்கேன்ல?"

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். இத்தனை வருடமாக நானும் மாமாவும் தலையால் தண்ணி குடித்துச் சொன்னதை ஒரு இயந்திரம் ஒரே மத்தியானத்தில் சொல்லிவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் அவள் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ப் புதுசுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "அப்புறம் பாக்கலாம்னு சொன்னேன்ல தம்பி, அதெல்லாம் எடுங்க." அவர் எடுத்தார். அந்த நடைமேடை வேலைக்கு அவர் எப்போதோ ஒரு வழி செய்து வைத்திருந்தார். இரண்டு நகல்கள், இரண்டு வேறு வேறு நோடுகளில். ஒன்று மட்டும் பேசும். மற்றது வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். பேசுகிறது மௌனமானால், கேட்டுக்கொண்டிருந்தது அந்த இடத்திலிருந்து தொடரும். இரண்டும் சேர்ந்து பேச முடியாது. அக்கா முழுக்கப் படித்துவிட்டு, "இது ரொம்ப நல்லா இருக்கே. ஏன் சொல்லல?" என்றாள். சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு வராது.

அந்த வாரம் முழுக்க இருவரும் அதைப் போட்டு உலுக்கிப் பார்த்தார்கள். அக்கா தன் கையாலேயே பேசுகிற நகலை அணைப்பாள், மற்றது பேச ஆரம்பிக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு புதுசை அணைக்கச் சொல்லிவிட்டு, தன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பாள். இரண்டாவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கை தானாக விசைப்பலகைக்குப் போகும், இழுத்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை, எல்லாவற்றையும் மாற்றுகிற அனுமதியை அவருக்கும் கொடுத்து, மேலாளரிடம் கூட்டிக்கொண்டு போய், "நாளைக்கு இவர்தான்" என்றாள். மேலாளர் "சரி" என்றார். இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே கொஞ்சம் வருத்தமாகிவிட்டதாம்.

சனிக்கிழமை காலை வெயில் நன்றாக இருந்தது. அக்கா போனை என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, திரும்பி வாங்கி, ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி கொடுத்தாள். மாமா அவளைத் தோளைப் பிடித்துத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிவிட்டார். மஞ்சள் தொப்பியோடு கூட்டத்தின் கடைசியில் இறங்கினாள். முதலில் கணுக்கால், அப்புறம் இடுப்பு, அப்புறம் தொப்பி மட்டும். நானும் மாமாவும் காரில் ஏரியைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய், ரொட்டியும் முட்டையும் ஃபிளாஸ்கில் காபியுமாக உட்கார்ந்தோம்.

அவள் பாதி தூரத்தில் இருந்திருப்பாள். என் கையிலிருந்த அவள் போன் துடித்தது. சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி, ஒரு நோடு பதில் சொல்லவில்லை என்று. அதன் பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று. மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "அதைக் கொண்டா, தண்ணில போட்டுடறேன்" என்றார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கரையோரமாக ஒரு காவல் படகு நின்றுகொண்டிருந்தது. அதில் ஏறிப் போய் அவளைக் கூட்டி வந்துவிட முடியும். போன வருடம் மாதிரியே இந்த வருடமும். நான் எழுந்து நின்றேன். எழுந்தேனே தவிர, ஓர் அடி எடுத்து வைக்க மனசு வரவில்லை.

அப்போது போன் அடித்தது. புதுசு.

"அக்கா தண்ணிலதானே இருக்காங்க?"

"ஆமா. படகு இருக்குங்க, போய்க் கூட்டிட்டு வரவா?"

"ஐயோ, வேணாம்! நீங்க அப்படி ஏதாவது பண்ணிடுவீங்கன்னுதான் கூப்பிட்டேன். அவங்க போனுக்கும் அலாரம் வரும்னு இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

"நோடு செத்துப்போச்சுன்னு போட்டிருக்கே?"

"புது மெஷின்ல ஒண்ணு. பவர் போயிருக்கும் போல, நான் பாத்துக்கறேன். அதுல இருந்ததெல்லாம் வேற நோடுல எழுந்திருச்சு."

"நடைமேடை?"

"பேசிட்டிருந்தது அதுலதான் இருந்துச்சு. இப்ப ரெண்டாவது பேசுது." பிறகு, "அவங்க எதுவரைக்கும் வந்துட்டாங்க?" என்று கேட்டார்.

"மஞ்சள் தொப்பி தெரியுது. பாதிக்கு மேல."

"சூப்பர்" என்று வைத்துவிட்டார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நிலையத்தில் அப்போது வண்டியில் இருந்த என் நண்பனைக் கூப்பிட்டேன், அன்றைக்கு என்னோடு மூக்கோடு மூக்கு நின்று சண்டை போட்ட அதே ஓட்டுநர். "நடைமேடையெல்லாம் ஒழுங்கா வருதா?" என்றேன். "லீவு நாள்லயும் உனக்கு இதே நினைப்பா? வெச்சுட்டுப் போடா" என்றான். சூப்பர்வைசர் எங்கே என்று கேட்டேன். டீ குடிக்கப் போயிருக்கிறாராம்.

அக்கா கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாள். கடைசி ஆள் ஒரு வயதான மனிதர், அவரும் இவளும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்திருக்கிறார்கள். காலுக்குத் தரை தட்டியதும் எழுந்து நின்றாள், தள்ளாடினாள், நடந்து வந்தாள். மூச்சு வாங்கியது, உதடு நீலம் பாரித்திருந்தது. மாமா முட்டிவரை நனைய ஓடிப்போய் டவலைப் போர்த்தினார். நான் காபியை நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு என் இன்னொரு கையைப் பார்த்தாள்.

"போன் வந்துச்சா?"

"வந்துச்சு. ஒரு நோடு போயிடுச்சாம். நீ பாதியில இருந்தப்போ."

அவள் கை காபியோடு அப்படியே நின்றது. "எது?"

"நடைமேடை இருந்தது. இன்னொண்ணு பேச ஆரம்பிச்சிடுச்சாம். வண்டியெல்லாம் ஓடுது. நான் நிலையத்துல கேட்டேன், அவனுக்குத் தெரியவே தெரியாது. திட்டிட்டு வெச்சுட்டான்."

"தம்பி என்னைக் கேக்கலயா?"

"நீ எதுவரைக்கும் வந்துட்டேன்னு கேட்டார்."

"வேலையைப் பத்தி ஒண்ணும் கேக்கலயா?"

"ஒண்ணும் கேக்கல."

அக்கா புல்லில் உட்கார்ந்தாள். முகம் ஒரு மாதிரி கோணியது. கண் கலங்கி வழிந்தது, ஏரித் தண்ணீர் இல்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏம்மா, எல்லாம் நல்லபடியாத்தானே நடந்திருக்கு?"

"அதாங்க," என்றாள். "நல்லபடியா நடந்திருக்கு. என்னை யாருமே தேடல." அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அவ்வளவு நல்லா பண்ணி வெச்சிருக்கோம்ங்க நாங்க ரெண்டு பேரும்!"

மாமாவுக்குப் பாதிதான் புரிந்தது. அவர் முட்டையை உரித்துக் கொடுத்தார். அவள் இரண்டே கடியில் விழுங்கினாள், இன்னொன்று கேட்டாள், அதையும் விழுங்கினாள். பிறகு டவலை எடுத்து மாமா மடியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"எங்கக்கா போறே? முடிஞ்சிடுச்சு, படகெல்லாம் கிளம்புது."

"கரையோரமாத்தான். சும்மா."

இடுப்பளவுக்குப் போனாள். என் கையில் போன் மறுபடி அடித்தது, திரையில் புதுசின் முகம். அவ்வளவு பக்கத்தில் அவளுக்குக் கேட்காமலில்லை. நான் போனைத் தூக்கிக் காட்டினேன். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீயே பேசுடா" என்றாள். சொல்லிவிட்டு மல்லாந்து படுத்தாள். இரண்டு காதும் தண்ணீருக்குள் போயின.